ஒரு வாய் பீன்ஸுக்கு ஒரு சாக்லேட்டா?

11 நாள். தொடர்ந்து 11 நாள் என் மகள் தட்டின் ஓரத்தில் இரண்டே இரண்டு பீன்ஸ் துண்டு வைத்தேன். சாப்பிடு என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் தட்டையே தள்ளிவிட்டாள். அப்புறம் விரலால் நசுக்கினாள், முகர்ந்தாள், ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். புதுச் சுவை பிள்ளைகளுக்குப் பழக 10, 15 தடவைகூட ஆகும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நேற்று ராத்திரி அவளாகவே ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

அடுத்த நொடி அவளைப் பெற்ற மகராசன், "சமர்த்து! முழுசா சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்" என்றார்.

போச்சு. துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ஏங்க, லஞ்சம் கொடுத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும் என்றால் அது மோசமான பண்டம் என்றுதானே அர்த்தம்? மூன்று வயசுக்கு இந்தக் கணக்குப் புரிகிறது, உங்களுக்குப் புரியவில்லையே! இத்தனைக்கும் தன் தட்டில் விழுந்த பீன்ஸை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஓரமாக ஒதுக்குகிறவர் இவர். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கேட்டால், "ஒரு சாக்லேட்ல என்ன ஆயிடப்போகுது?" ஒன்றா? தாத்தா சட்டைப்பையில் ஒன்று, வருகிறவர் போகிறவர் கையில் ஒன்று, "பழம்தானே" என்று டப்பா ஜூஸ் வேறு. ஒருநாள் கலோரியில் இப்படிச் சேரும் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5-க்குள் என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. அந்த ஜூஸின் சர்க்கரையும் அதே கணக்கில்தான் வரும். 330 மில்லி கோலாவில் மட்டும் சுமார் 35 கிராம், கிட்டத்தட்ட 9 டீஸ்பூன். என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

மாமியார் ரகம் தனி. வயிறு நிறைந்து குழந்தை தலையைத் திருப்பினாலும் போனைக் காட்டி "கடைசி வாய், கடைசி வாய்" என்று ஐந்து கடைசி வாய் ஊட்டுவார். போதும் என்று அவள் வயிறு சொல்வதை நம்பக்கூடாதாம். அப்புறம் எப்போதுதான் நம்புவது?

இன்று மத்தியானம் தட்டு வைத்தேன். பீன்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தனை சாக்லேட்?" என்கிறாள்.