இலையும் மணலும்: அருமண் முதலீடு பற்றி ஒரு தேயிலை விவசாயியின் கருத்து

கோத்தகிரியில் எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் சென்ற மாதம் ஒரு மின்சார ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வளையத்தின் உட்புறம் முழுவதும் புது எவர்சில்வர் போல மின்னும் சிறு காந்தப் பட்டைகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. மெக்கானிக் தம்பி ஸ்குரூ டிரைவரை அருகே கொண்டுபோனதும் அது கையை விட்டுப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரே ஒரு பட்டை விளிம்பில் உடைந்திருந்தது. அதைத் தனியாக வாங்க வழியில்லை, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார்.

இரும்பு, போரான், நியோடிமியம் மூன்றும் சேர்ந்த கலவை அது. எடையில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு நியோடிமியமும் அதன் உடன்பிறப்பான பிரசியோடிமியமும். அருமண் தனிமங்கள் எனப்படும் பதினேழில் இவை இரண்டு. பெயரில்தான் அருமை, மண்ணில் அவ்வளவு அரிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் அருமண்ணும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இலேயே கண்டறிந்துவிட்டார். இன்று ஐஆர்இஎல் என்று அழைக்கப்படும் பொதுத்துறை நிறுவனம் 1950-இல் தொடங்கப்பட்டது. கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டிலிருந்து அருமண்ணைப் பிரிக்கும் அதன் ஆலை 1952 முதல் இயங்குகிறது. இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும், 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தவுடன் நம் வாகனத் தொழிற்சாலைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

இந்த நிலை நீலகிரியின் சிறு விவசாயிக்குப் புதிதல்ல. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் எனக்குத் தேயிலைச் செடி சொந்தம், தேயிலைத்தூள் சொந்தமில்லை. பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். எடை போடும் ஷெட்டில் மூட்டையைத் தராசில் வைத்ததும், ஈரம் என்று சொல்லி இரண்டு கிலோவைக் கழித்து எழுதுவார்கள்; வெயில் காயும் நாளிலும் ஒருமுறை எனக்கு அப்படிக் கழித்தார்கள். ஏறத்தாழ நாலரை கிலோ இலை சேர்ந்தால் ஒரு கிலோ தூள். அந்த நாலரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவில் இருக்கும் இயந்திரம் யாருடையதோ, விலை அவருடையது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இந்த மலையில் உருவானதற்குக் காரணமே அதுதான். மணல் இலையைப் போல ஒரே நாளில் வாடிவிடாது என்பது உண்மையே. ஆனால் வாடாத சரக்கை எழுபது ஆண்டுகள் பாதி வழியிலேயே நிறுத்தி வைக்கலாம் என்பதையும் நாம் நிரூபித்திருக்கிறோம்.

ஆகவே உள்நாட்டு அருமண் உற்பத்தியில் முதலீடு என்றவுடன் தோண்டுவதைப் பற்றியே பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தோண்டுவது இதில் எளிய வேலை. மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கதிரியக்கம் உள்ள தோரியத்தை ஒதுக்கிய பிறகு, வேதியியல் குணத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போலிருக்கும் தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்க வேண்டும். கரைப்பானில் கலக்கி, தெளியவிட்டு, மீண்டும் கலக்கி, நூற்றுக்கணக்கான தொட்டிகளைக் கடந்த பின்தான் தூய நியோடிமியம் ஆக்சைடு கிடைக்கும். அதை உலோகமாக்கி, கலவையாக்கி, காற்றுப் படாமல் பொடித்து, காந்தப்புலத்தில் அழுத்தி, சூளையில் இறுக்கினால்தான் அந்த மெக்கானிக்கின் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிய பட்டை உருவாகும். உலகின் அருமண் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் இருப்பதற்குக் காரணம், இந்த நடுப்படிகளில் அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பணத்தையும் ஆட்களையும் இறக்கியதுதான்.

ஒன்றிய அமைச்சரவை 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் இலக்கு. வரவேற்கிறேன், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நெருடுகிறது. 6,000 டன் காந்தத்துக்குச் சுமார் 1,800 டன் நியோடிமியம்-பிரசியோடிமியம் வேண்டும். இந்தியாவின் மொத்த அருமண் உற்பத்தியே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டன் ஆக்சைடுதான். அதில் இந்த இரண்டின் பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்தாலும் 600 டன்னைத் தாண்டாது. மோட்டார் சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் காக்கும் இன்னொரு அருமண் தனிமமான டிஸ்புரோசியமோ நம் மோனசைட்டில் மிகச் சொற்பம். பிரிக்கும் ஆலைகளை விரிவாக்காமல் காந்த ஆலைகளை மட்டும் கட்டினால், இலையே வராத ஊரில் தேயிலைத் தொழிற்சாலை கட்டிய கதையாகிவிடும்.

இன்னொன்று விலை. சோவியத் யூனியன் என்ற ஒற்றை வாங்குநரைப் பெரிதும் நம்பியிருந்த நீலகிரித் தேயிலை, அந்த நாடு மறைந்தபின் 1990களின் கடைசியில் எப்படி விழுந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அருமண்ணில் சரக்கை வெள்ளமாய் விட்டு விலையை இறக்குபவர் ஒருவரே, சீனா. 2011-இல் உச்சத்தைத் தொட்ட விலை பின்னர் சரிந்ததில், அமெரிக்காவின் மௌண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்திய மாலிகார்ப் 2015-இல் திவாலானது. அதே சுரங்கத்தின் இன்றைய உரிமையாளரான எம்பி மெட்டீரியல்ஸுக்கு 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிப்படை விலையை உறுதி செய்தது. பசுந்தேயிலைக்கு நாங்கள் ஆண்டாண்டாய்க் கேட்டுவருவதும் அதைத்தான். நம் திட்டத்தில் 6,450 கோடி ரூபாய் ஐந்தாண்டுக் காந்த விற்பனைக்கான ஊக்கத்தொகை. அது கடைசிப் படியில் நிற்பவருக்குப் போகிறது. நடுப்படியில் ஆக்சைடும் உலோகமும் செய்பவருக்கு ஓர் அடிப்படை விலை இல்லாவிட்டால் தனியார் யாரும் துணிந்து இறங்கப்போவதில்லை.

இடையில் ஒன்று. என் அக்கா மகன், அருமண் பங்குகளை இப்போதே வாங்கலாமா மாமா என்று வாட்சாப்பில் கேட்கிறான். 1880 வாக்கில் நம் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதித் தங்கத்தை நம்பி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. சில ஆண்டுகளிலேயே எல்லாம் கரைந்தது. குழிகள் இன்றும் இருக்கின்றன, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்று பதில் அனுப்பினேன்.

மணலுக்கு மேலே ஊர் இருக்கிறது என்பதையும் முதலீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். தோரியத்துடன் வாழ்வது யார் என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அப்படியிருக்க, அணு மற்றும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது தவறு என்றே கருதுகிறேன். அந்த விலக்கைத் திரும்பப் பெறுங்கள். கழிவு எங்கே, எத்தனை காலம், யார் பொறுப்பில் இருக்கும் என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு அந்த ஊர்களில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் மணலைக் கடைசிப் படிவரை கொண்டுபோகும் ஆலைகளுக்குப் பணத்தை ஒதுக்குங்கள்.