எந்தச் சிதம்பரம்னு கேட்டது ஒரு குத்தமாய்யா?

நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு எங்க செட்டிநாட்டு நகரத்தார் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பி.டி.எஃப். வந்து விழுந்துச்சு. "நமது குடும்ப மரம், 9 தலைமுறை". உச்சியில பிள்ளையார், ஓரமெல்லாம் மாவிலைத் தோரணம், நடுவுல ஒரு ஆலமரம், கிளைக்குக் கிளை வட்டம், வட்டத்துக்குள்ள பேரு. சிதம்பரம். அவரு மகன் ராமநாதன். அவரு மகன் சிதம்பரம். அவரு மகன் ராமநாதன். இப்படியே வேர் வரைக்கும். வருஷம் கிடையாது, விலாசம்னு நாங்க சொல்ற முன்னெழுத்து கிடையாது, எந்தக் கோவில் வழிங்கிற பிரிவு கிடையாது. பொண்டாட்டி பேரு இருக்கவேண்டிய இடத்துல ஒன்பது தலைமுறைக்கும் "ஆச்சி". ஒன்பது ஆச்சி! காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னு "ஆச்சி"ன்னு ஒரு சத்தம் குடுத்துப் பாருங்க, பாதிப் பேரு திரும்புவாக.

கேட்டது ஒரே கேள்வி. "மூணாவது வட்டத்துல இருக்கிறது எந்தச் சிதம்பரம்?"

9:41க்கு முதல் பதில். கும்பிடு பொம்மை.

9:43க்கு ரெண்டாவது. "நம்ம சிதம்பரம் ஐயாதான்." அடடா! நம்ம சிதம்பரம் ஐயாவா? நான் பக்கத்து வளவு வீட்டுச் சிதம்பரம் ஐயாவை நம்ம மரத்துல ஏத்திட்டீகளோன்னுல்ல பயந்துட்டேன்.

9:44. "பெரிய வேலைண்ணே, வாழ்த்துகள்." மரம் போட்டவருக்கு. 9:46க்கு அதே வாழ்த்து, ஆளு மட்டும் வேற. 9:50க்கு ஒரு குரல் பதிவு, 2 நிமிஷம் 10 விநாடி. காதுல வச்சா கல்யாண மண்டபத்து இரைச்சல், நாதஸ்வரம், யாரோ ஒரு புள்ளை அழுவுது, அதுக்கு நடுவுல "அந்தக் காலத்துல ரங்கூன்ல..." சரி, இப்ப வரப்போகுதுன்னு மூச்சைப் பிடிச்சா, பதிவு முடிஞ்சுபோச்சு. 9:58ல இருந்து 10:04 வரைக்கும் ஒருத்தர் தட்டச்சு செய்றதாக் காட்டுச்சு. ஆறு நிமிஷம்! ஒரு உயிலே எழுதியிருக்கலாம். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. 10:06க்கு ஒரு புண்ணியவான் "இனிய காலை வணக்கம்", தாமரைப்பூவோட. கடைசியா 10:11க்கு, எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருந்ததை ஒருத்தர் வெளிய எடுத்துப் போட்டாரு:

"இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்குறிய? இடம் ஏதும் விக்கிறாகளா?"

அவ்வளவுதான். 41 பேரு. 41 பேருக்கும் நீலக்கோடு. ஒருத்தர் வாயத் திறக்கலை.

ஐயாவோட ஐயா யாருன்னு கேட்டா, பாகப்பிரிவினைக்கு அடிபோடுறான்னு அர்த்தமாம். இந்த ஒரு சந்தேகத்துலயே பாதி வீட்டு ஏடு பூட்டுக்குள்ள கிடந்து செல்லரிக்குது.

ஏன் "எந்தச் சிதம்பரம்"னு கேக்கணும்? நம்ம வீட்டுல பேரு வைக்கிற முறை தெரியாதவுகளா நீங்க? மூத்த மகனுக்கு அப்பச்சியோட அப்பச்சி, அதாவது அப்பாவைப் பெத்த ஐயா பேரு, ரெண்டாவது மகனுக்கு ஆத்தாவைப் பெத்த ஐயா பேரு. அப்ப ஒரு சிதம்பரத்துக்கு நாலு மகன், ரெண்டு மகள்னு வைங்க. நாலு மகனும் தங்கள் மூத்தவனுக்குச் சிதம்பரம்னு வைப்பாக. ரெண்டு மகளும் தங்கள் ரெண்டாவது மகனுக்குச் சிதம்பரம்னு வைப்பாக. ஒரே தலைமுறையில ஆறு சிதம்பரம், அதுல நாலு பேரு ஒரே வளவுல. இதுக்குத்தானே விலாசம்னு ஒண்ணை வச்சாக? சித.ராம.சிதம்பரம், சித.அரு.சிதம்பரம், சித.பழ.சிதம்பரம், சித.மெ.சிதம்பரம். நடுவுல நிக்கிற அந்த ஒரு எழுத்துதான் ஆளையே காட்டுது. மரம் போட்டவரு அழகா இருக்கணும்னு அந்த எழுத்தை எல்லாம் வெட்டிட்டாரு. வட்டத்துக்குள்ள அடங்கலையாம்!

இதை விடப் பெரிய கூத்து இருக்கு. ஒண்ணு விட்டு ஒண்ணு அதே பேரு வர்ற வரிசையில, நடுவுல ரெண்டு தலைமுறையை உருவி எறிஞ்சாலும் தையல் தெரியாது. சிதம்பரம், ராமநாதன், சிதம்பரம், ராமநாதன். எங்க ரெண்டைக் காணோம், சொல்லுங்க பாப்போம்? பாக்க ஒழுங்காத்தான் இருக்கும். தலைமுறைக்கு இருபத்தஞ்சு முப்பது வருஷம்னு மனக்கணக்குப் போட்டுப் பாத்தாத்தான், அம்பது அறுபது வருஷம் பள்ளம் விழுந்திருக்கிறது தெரியும். வருஷமே போடலைன்னா பள்ளமும் தெரியாது, மேடும் தெரியாது. 9 தலைமுறைங்கிறது 11ஆவும் இருக்கலாம், 7ஆவும் இருக்கலாம்.

"வருஷம் எங்க போயித் தேடுறது"ன்னு அடுத்து வருவாக. முதல்ல வீட்டுக்குள்ள தேடுங்கய்யா. கல்யாணத்துக்குக் கல்யாணம் இசைகுடிமானம்னு ஒரு கல்யாண ஒப்பந்தம் எழுதி ரெண்டு வீட்டுலயும் வாங்கி வச்சிருக்காகளே, அது எதுக்கு? முகப்புல மாட்டவா? வருஷம், மாசம், தேதி, ரெண்டு பக்கத்து ஊரு, கோவில், செட்டியார் பேரு, சீதனம்னு எல்லாம் அதுல இருக்கு. மொய் ஏட்டை எடுத்தா யாரு தாய்மாமன், யாரு சம்பந்தி, யாரு கொழுந்தன்னு மொய்யே சொல்லும். முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டுல யாருக்குச் சீலை வச்சுப் படைக்கிறாகன்னு கேட்டா, ஆச்சிங்கிற வட்டத்துக்குள்ள ஒரு உமையாளோ விசாலாட்சியோ வந்து நிப்பாக. இது எதுவுமே இல்லையா, சாமான் அறைக்குப் போயி ஒரு பித்தளைத் தவலையைக் கவுத்துப் பாருங்க. விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கும். விலாசமும் பொண்ணு பேருமா. புளி போட்டு விளக்கிட்டு, மேல கொஞ்சம் அரிசி மாவைத் தடவித் துணியால துடைச்சா, எழுத்துப் பள்ளத்துல மாவு நின்னு பளிச்சுன்னு தெரியும்.

ஆனா அறையைத் திறக்கணும்ல? அஞ்சு பங்குன்னா அஞ்சு பூட்டு. ஒரு சாவி சென்னையில, ஒண்ணு கோயம்புத்தூர்ல, ஒண்ணு சிங்கப்பூர்ல, ஒண்ணு பேங்க் லாக்கர்ல. அஞ்சாவது யாருகிட்டன்னு கேட்டா மறுபடியும் கும்பிடு பொம்மை.

சரி, திறந்தே போச்சு, ஏடும் கிடைச்சுதுன்னு வைங்க. "குரோதி ௵ தை ௴ ௰௨ ௳"னு இருக்கும். ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௰௨ பன்னெண்டு. குரோதி எந்த வருஷம்? அறுபது வருஷத்துக்கு ஒருக்காத் திரும்பி வரும். 1904ல ஒண்ணு, 1964ல ஒண்ணு. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே பக்கத்துல ௹ குறி போட்டிருக்கிற தொகையைப் பாருங்க. அணா, பைன்னு பிரிச்சிருந்தாப் பழைய குரோதி. ரூபாய்க்கு நூறு பைசாங்கிற கணக்கு 1957 ஏப்ரல்லதான் வந்துச்சு. அந்தக் கணக்குல இருந்தாப் புதுசு. தை, மாசி, பங்குனின்னா இங்கிலீஷ் வருஷத்துல ஒண்ணைக் கூட்டிக்கணும், ஏன்னா வருஷப்பிறப்பு சித்திரையில. ஆக பழைய குரோதி தைன்னா அது 1905 ஜனவரி. இதோட விட்டுச்சா? குரோதனன்னு இன்னொரு வருஷம் இருக்கு, 1925. கணக்கப்பிள்ளை அவசரத்துல வாலைச் சுருக்கி எழுதியிருந்தா, இருபத்தொரு வருஷம் தள்ளிப் போயிருவீக. ஐயா பொறக்கறதுக்கு முன்னாடியே அவருக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மரமெல்லாம் இப்படித்தான் மொளைக்குது.

பேரேட்டுல ௶ன்னா பற்று, ௷ன்னா வரவு, ௸ன்னா மேற்படி. நாலு பக்கம் இந்த மேற்படியே வரும். மேற்படியார்னா யாருன்னு தெரியணும்னா முதல் பக்கத்துக்குப் போகணும். முதல் பக்கம்தான் எப்பவும் இருக்காது. செல்லுப்பூச்சிக்கு அதுதானே வாசல்.

அடுத்தது அரசாங்க ஆபீசு. எந்த ஆபீசுன்னு சொல்லி வம்பை இழுத்துக்க வேண்டாம், எல்லா ஊர்லயும் ஒரே கவுண்டர்தான். ஐயாவோட இறப்புப் பதிவு வேணும்னு கேட்டா, "எந்த வருஷம்?" வருஷம் தெரியத்தான் சார் பதிவைக் கேக்குறோம். "வருஷம் இல்லாமத் தேட முடியாது." ஒரு உத்தேசமா அஞ்சு வருஷத்துக்குத் தேடுங்கன்னு கட்டணம் கட்டினா, மூணு மாசம் கழிச்சு "பதிவு இல்லை"ன்னு ஒரு சீல். எந்தப் பேரைப் போட்டுத் தேடினாக? விலாசத்தை இங்கிலீஷ்ல எழுதினது வினை. ராம. ஆர்.எம். ஆச்சு, சித. சி.டி. ஆச்சு. குமாஸ்தா ஆர் தனி, எம் தனின்னு பிரிச்சு ரெண்டு ஆளாக்கிட்டாரு. பழ.வைச் சுருக்கி பி.எல்.னு போட்டிருந்தா இன்னும் விசேஷம், வட்டிக்கடைச் செட்டியாரை வக்கீலாக்கி விட்டுருவாக.

பொறப்புப் பதிவுல இன்னொரு பொறி. புள்ளைக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருப்பாக. பேரு கட்டம் காலியா இருக்கும், "ஆண்"ன்னு மட்டும் இருக்கும். ராமநாதன்னு தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது. தகப்பன் பேரு, ஊரு, மாசம். இந்த மூணை வச்சுத்தான் தேடணும். மாவட்டமும் ஒழுங்கா இருந்ததா? சிவகங்கை மாவட்டம் 1985ல வந்தது, அதுக்கு முன்னாடி ராமநாதபுரம், அந்த ராமநாதபுரமே 1910ல வந்தது, அதுக்கும் முன்னாடி மதுரை. உங்க ஊரு புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள்ள இருந்துச்சுன்னா 1948 வரைக்கும் கதையே வேற. இதைக் கவுண்டர்ல சொன்னா, நம்மளை ஏற இறங்கப் பாத்துட்டு டீ குடிக்கப் போயிருவாரு.

சுவீகாரத்தை, அதாவது தத்தெடுத்துப் பிள்ளை கூட்டுறதைப் பத்தி அந்த மரத்துல ஒரு வரி உண்டா? பிள்ளை கூட்டாத குடும்பம் நம்மள்ல எத்தனை? கூட்டின அன்னைக்கே பெத்த அப்பச்சி எழுத்துப் போயி, கூட்டினவுக எழுத்து வந்துரும். கோவில் மட்டும் மாறாது. ஆள் திடீர்னு ஒரு வீட்டுல காணாமப் போயி இன்னொரு வீட்டுல முளைச்சா, அதே கோவில் பங்காளிகள்ள தேடுங்க. சார்பதிவாளர் ஆபீசுல 3ஆம் புத்தகம்னு ஒண்ணு இருக்கு. உயிலும் சுவீகாரத்துக்கு அதிகாரம் குடுத்த பத்திரமும் அதுலதான். 1908 பதிவுச் சட்டப்படி, எழுதினவர் காலமானப்புறம் யார் மனுப்போட்டாலும் நகல் குடுக்கணும். மனுவுல "3ஆம் புத்தகம்"னு அழுத்தி எழுதலைன்னா, 1ஆம் புத்தகத்தைப் புரட்டிட்டு இல்லைன்னுருவாக.

இதுல ஒரு வயித்தெரிச்சலைக் கேளுங்க. சண்டை போட்ட குடும்பத்துக்கெல்லாம் வம்சாவளி சுத்தமா இருக்கு! சுவீகாரம் செல்லாதுன்னு வழக்குப் போட்டு, ஐகோர்ட்டுக்குப் போயி, அங்கேருந்து கப்பலேறி, அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனவுக இருக்காக. தீர்ப்புலயே வம்சாவளிப் படம் போட்டு, யாரு யாருக்கு மகன், எப்பக் காலமானாரு, எப்பக் கூட்டினாகன்னு நீதிபதி வரிசையா எழுதியிருப்பாரு. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்ங்கிற வரிசையில மெட்ராஸ் தீர்ப்புத் தொகுதிகள் 1876லேருந்து அச்சுல இருக்கு. ஒத்துமையா இருந்த குடும்பத்துக்கு? கும்பிடு பொம்மை. நம்ம பாட்டன்மாரு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூடப்பொறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கக் கூடாதா?

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவுக கணக்காவது கிடைக்குமான்னு பாத்தா, ரங்கூன்ல 1941 டிசம்பர்ல குண்டு விழுந்து, உசுரு பொழைச்சாப் போதும்னு நடந்தே வந்தவுக எதைத் தூக்கிட்டு வருவாக. அதைக் கூட மன்னிக்கலாம். இங்க உள்ளூர்ல, குண்டே விழாத ஊர்ல, பெட்டகத்தோட பேரேட்டையும் சேத்து எடைக்குப் போட்டாகளே, அவுகளை என்ன செய்ய? காரைக்குடியில பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு நடை நடந்து பாருங்க. உங்க அப்பத்தா பேரு வெட்டின தவலை வெளியூர்க்காரர் வீட்டுல பூச்சட்டியா இருக்கப் போயிக்கிட்டு இருக்கும்.

இன்னைக்குக் காலையில குரூப்பைத் திறந்தேன். அதே குரூப், அதே 41 பேரு. யாரோ ஒருத்தர் வெள்ளைப் பணியாரம் படம் போட்டு, ஓரமாத் தக்காளி சாஸ் வச்சிருக்காக. சாஸ்! வரமிளகாய்த் துவையல் வைக்க வேண்டிய இடத்துல சாஸ்! 63 பதில். பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதுமேல உளுந்தைக் கோபுரமாக் குமிச்சு அளக்கணுமா, இல்லை ஒரு கரண்டி குறைக்கணுமான்னு சண்டை. "இது எங்க ஆயா அளவு." "ஆயாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" "அவுக ஆத்தா, தேவகோட்டையிலேருந்து வந்தவுக, பேரு விசாலாட்சி, கல்யாணம் ஆகி வந்தப்ப வயசு பதிமூணு." மூணே நிமிஷத்துல மூணு தலைமுறை! பேரு, ஊரு, வயசு எல்லாத்தோடயும்!

அந்தச் சூட்டோட மறுபடி கேட்டுப் பாத்தேன். "அப்படியே அந்தச் சிதம்பரம் எந்தச் சிதம்பரம்னு..."

கும்பிடு பொம்மை.