சார்லஸ் ரஸ்ஸல்: குதிரைக் காவலில் உருவான ஓவியர்

சார்லஸ் மரியன் ரஸ்ஸலைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அவருடைய வாழ்க்கையின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் புல்வெளிகளில் கூலிக்குக் குதிரையும் மாடும் காத்த கௌபாய். அந்தப் பக்கம், நியூயார்க்கிலும் லண்டனிலும் கண்காட்சி நடத்திய ஓவியர். முதல் பகுதி ஏதோ திறமை வீணாய்க் கிடந்த காலம் போலவும், அதிலிருந்து தப்பி வந்த பிறகுதான் கலை தொடங்கியது போலவும் ஒரு தொனி அந்த எழுத்துகளில் இருக்கிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் அவர் பார்த்த வேலையை எடுத்துவிட்டால், அவருடைய ஓவியங்களில் எஞ்சுவது வண்ணத் திறமை மட்டுமே. அந்தத் திறமை அவரைவிட அதிகமாக வாய்த்த பலர் அதே காலத்தில் இருந்தார்கள்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். 1864இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஒழுங்குபடுத்துவதற்காக நியூ ஜெர்சியில் இருந்த ராணுவப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 1880இல், பதினாறு வயது நிறையும் தறுவாயில், மேற்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மொன்டானாவின் ஜூடித் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே முதலில் கிடைத்த ஆடு மேய்க்கும் வேலையில் அவர் தேறவில்லை. பிறகு ஜேக் ஹூவர் என்ற வேட்டைக்காரர் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். ஹூவர் மானும் பிற விலங்குகளும் வேட்டையாடி, இறைச்சியைச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு விற்றுவந்தவர். அவரிடம் இருந்த இரண்டு ஆண்டுகளில் தோலுரிக்கவும் கண்டம் போடவும் கற்ற அந்த இளைஞருக்கு, எந்தத் தசை எந்த எலும்பைப் பற்றி நிற்கிறது என்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஓவியப் பள்ளிகளில் உடற்கூற்றியல் என்று பாடம் நடத்துவதை அவர் கத்தியும் இரத்தமுமாகக் கற்றார்.

1882இன் வசந்தத்தில் அவருக்குக் கிடைத்த வேலைதான் என் வாதத்தின் மையம். அந்நாளில் அந்தப் புல்வெளிக்கு வேலி கிடையாது. பல முதலாளிகளின் மாடுகள் கலந்து மேயும். வசந்தத்தில் எல்லாப் பண்ணை ஆட்களும் ஒன்றுகூடி, மந்தைகளைத் திரட்டி, கன்றுகளுக்கு அந்தந்தப் பண்ணையின் சூட்டுக்குறி இடுவார்கள். ஒவ்வொரு கௌபாய்க்கும் பல குதிரைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒன்று களைத்ததும் அடுத்ததில் ஏறிக்கொள்வார். ஆகவே ஒரு முகாமோடு நூற்றுக்கணக்கான குதிரைகள் நகரும். இரவில் அவற்றை மேயவிட்டு, சிதறிப்போகாமல் காத்து, விடியும் நேரத்தில் முகாமுக்கு அருகில் கயிறு கட்டி அமைத்த தற்காலிகப் பட்டிக்குள் ஓட்டிவந்து சேர்ப்பது இரவுக் காவலரின் வேலை. இடி மின்னலில் குதிரைகள் மிரண்டு ஓடினால் இருட்டில் பின்னாலேயே ஓட வேண்டும். முகாமின் படிநிலையில் இது பெருமைக்குரிய வேலை அன்று. பெரும்பாலும் புதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் விடப்படுவது. ரஸ்ஸல் இதை விரும்பியே ஏற்றார். சுருக்குக் கயிறு வீசுவதிலும் முரட்டுக் குதிரை அடக்குவதிலும் தாம் கெட்டிக்காரர் அல்லர் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இரவெல்லாம் சேணத்தின் மேல் இருந்தவர், சற்று உறங்கி எழுந்த பின், மற்றவர்கள் வேலை செய்யும் பகல் பொழுதில் சும்மா இருந்து பார்க்கலாம். பார்த்தார். கால்களைக் கட்டிக் கன்றைச் சாய்ப்பது, காலைக் குளிரில் முதுகை வில்லாக வளைத்துத் துள்ளும் குதிரை, சமையல் வண்டியைச் சுற்றி நடக்கும் சண்டையும் சிரிப்பும், எல்லாவற்றையும் கையில் அகப்பட்ட தாளில் வரைந்தார். எப்போதும் வைத்திருந்த மெழுகில் உருவங்களும் பிடித்தார். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவரின் அறிவும், அதை வெளியே நின்று கவனிப்பவரின் ஓய்வும் ஒரே ஆளுக்குக் கிடைப்பது அரிது. இரவுக் காவல் அந்த இரண்டையும் அவருக்குக் கொடுத்தது.

1886–87ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்த அறிவு ஒரு துண்டு அட்டையில் வெளிப்பட்டது. முந்தைய கோடையில் மழை பொய்த்துப் புல் கருகியிருந்தது. அந்தப் புல் தாங்கக்கூடியதைவிட மிக அதிகமான மாடுகளை, எளிதில் வரும் லாபத்தை நம்பித் தொலைதூர முதலாளிகள் இறக்கியிருந்தார்கள். குளிர்காலத்துக்கு உலர்புல் சேமிக்கும் வழக்கமும் பெரும்பாலான பண்ணைகளில் இல்லை. பனி மூடியது, இடையில் சற்று இளகி மறுபடி உறைந்து, புல்லுக்கு மேல் பனிக்கட்டித் தகடாக இறுகியது. மாடுகள் குளம்பாலும் மூக்காலும் அதை உடைக்க முயன்று, வயிறு காய்ந்து செத்தன. ரஸ்ஸல் அப்போது ஓ.எச். பண்ணையில் ஜெஸ்ஸி ஃபெல்ப்ஸ் என்பவரோடு தங்கியிருந்தார். ஹெலனா நகரில் இருந்த முதலாளி லூயிஸ் காஃப்மன், மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். ஃபெல்ப்ஸ் பதில் எழுத உட்கார்ந்தபோது, ரஸ்ஸல் ஓர் அட்டைப்பெட்டித் துண்டில், அஞ்சலட்டை அளவில், நீர்வண்ணத்தால் ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதைப் பார்த்த ஃபெல்ப்ஸ் இனிக் கடிதம் எதற்கு என்று படத்தையே அனுப்பிவைத்தார்.

படத்தில் இருப்பது ஒரே ஒரு மாடு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நிற்கிறது, முதுகு கூனியிருக்கிறது, விழாமல் இருப்பதற்காகவே நிற்கும் மாட்டின் நிலை அது. சற்றுத் தள்ளி ஓநாய்கள் அவசரமின்றிக் காத்திருக்கின்றன. ‘சினூக்குக்காகக் காத்திருத்தல்’ என்பது அதன் தலைப்பு. மலையிலிருந்து இறங்கிப் பனியை உருக்கும் வெப்பக் காற்றுக்கு அங்கே சினூக் என்று பெயர். ஹெலனாவில் கைமாறிக் கைமாறிப் பார்க்கப்பட்ட இந்தப் படம்தான் ரஸ்ஸலின் பெயரை மொன்டானா எங்கும் கொண்டுசென்றது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கணக்குப் புத்தகத்தில் தலை எண்ணிக்கையாக மட்டுமே மாடுகளை அறிந்திருந்த ஒரு முதலாளிக்கு, பனியில் அவற்றோடு நின்றவர் கொடுத்த நேர்மையான அறிக்கை இது. இதைக் கற்பனையால் வரைந்துவிட முடியாது. பட்டினியில் ஒரு மாடு எந்தக் காலில் கனம் வைக்கும் என்று பார்த்திருக்க வேண்டும்.

அவரோடு எப்போதும் ஒப்பிடப்படுபவர் ஃபிரெடெரிக் ரெமிங்டன். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, பத்திரிகைகளுக்கு மேற்கின் காட்சிகளை வரைந்து புகழ்பெற்றவர். கைத்திறனில் ரெமிங்டன் மேம்பட்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய குதிரைவீரர்கள் பெரும்பாலும் வீரர்கள். ரஸ்ஸலின் ஆட்கள் வேலையாட்கள். 1908இல் வரைந்த ‘காலைச் சாப்பாட்டுக்கு வந்த முரட்டுக் குதிரை’யில், துள்ளும் குதிரை சமையல் அடுப்புக்குள்ளேயே பாய்ந்துவிடுகிறது; பாத்திரங்கள் உருள்கின்றன. வேலையில் விபத்து எந்த நொடியில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்தவரின் கண் அது.

1893இல் அவர் மேய்ச்சல் வேலையை விட்டார். அதற்குள் முள்கம்பி வேலி வந்துவிட்டது, இரயில் வந்துவிட்டது, உழவு வந்துவிட்டது. 1896இல் மணந்துகொண்ட நான்சி கூப்பருக்கு அப்போது வயது பதினெட்டு. சலூன் நண்பர்களுக்குச் சும்மாவும் சில டாலருக்கும் போய்க்கொண்டிருந்த படங்களுக்கு நியாயமான விலை கேட்டு வாங்கியவர் அவர்தான். நான்சியைக் கறாரான பெண் என்று குறை சொன்னவர்கள் உண்டு. கணவருக்கு நாள்தோறும் வரையும் நேரத்தை மீட்டுக்கொடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேட் ஃபால்ஸ் நகரில் அவர்கள் வீட்டின் பக்கத்தில் தொலைபேசிக் கம்பங்களை அடுக்கி 1903இல் கட்டிய மரக்குடில்தான் கடைசிவரை அவருடைய ஓவியக் கூடமாக இருந்தது.

அவரைக் கடந்தகால ஏக்கத்தின் ஓவியர் என்று சொல்லி ஒதுக்குவோர் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள்: மாட்டுப் பண்ணைகள் பழங்குடி மக்களின் நிலத்திலும், கொன்றழிக்கப்பட்ட காட்டெருமைகளின் புல்லிலும்தானே எழுந்தன, அந்தத் தொழிலில் கூலி வாங்கியவர் எதற்காக ஏங்குகிறார்? நியாயமான கேள்வி. அவருடைய படங்கள் சிலவற்றில் ஏக்கம் உண்மையை மெழுகிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் தமக்கே கேட்டுக்கொண்டவர். 1888இல் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் சில மாதங்கள் தங்கி, பிளாக்ஃபுட் மக்களோடு பழகியவர். சமவெளிப் பழங்குடியினரின் சைகைமொழியில் உரையாடத் தெரிந்தவர். நிலமின்றி நகரங்களின் விளிம்பில் குப்பைமேட்டை நம்பி வாழ்ந்த க்ரீ, சிப்பேவா மக்களுக்காக எழுத்தாளர் ஃபிராங்க் லிண்டர்மனோடு சேர்ந்து குரல் கொடுத்தார். 1916இல் அவர்களுக்கு ராக்கி பாய் ஒதுக்கீட்டு நிலம் கிடைத்ததில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு. முன்னோடிகளைப் போற்றும் கூட்டம் ஒன்றில் பேச அழைக்கப்பட்டபோது, கன்னி நிலத்துக்கு வந்து விலங்கை அழித்து, மரத்தை வெட்டி, புல்லை உழுது, கம்பி வேலி போட்டுவிட்டு அதற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டுபவனே முன்னோடி என்று மேடையிலேயே சொன்னார்.

இதே நிலைப்பாட்டை அவர் அரசின் சுவரிலும் வரைந்தார். ஹெலனாவில் மொன்டானா சட்டமன்றத்தின் கீழவையில், அவைத்தலைவரின் இருக்கைக்குப் பின்னால் ஏறத்தாழ 25 அடி அகலத்தில் 1912இல் அவர் முடித்த ஓவியம், மேற்கை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ்–கிளார்க் பயணக் குழு 1805இல் சேலிஷ் பழங்குடி மக்களைச் சந்தித்த நிகழ்வைக் காட்டுகிறது. நடுவிலும் முன்னாலும் புழுதி பறக்கக் குதிரைகளில் திரண்டு வருபவர்கள் சேலிஷ் மக்கள். நாட்டின் பாடநூல்களில் நாயகர்களான லூயிஸும் கிளார்க்கும் வலப்பக்க ஓரத்தில், தள்ளி, சிறியதாக நிற்கிறார்கள். யாருடைய நிலத்துக்கு யார் வந்தார்கள் என்பதில் ரஸ்ஸலுக்குக் குழப்பம் இருக்கவில்லை. அந்த மாநிலத்தின் நிலச் சட்டங்களை விவாதிக்கும் உறுப்பினர்கள் இன்றும் அந்த ஓவியத்தைப் பார்த்தபடிதான் அமர்கிறார்கள்.