அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை

சீனாவில் ஜப்பானியப் பள்ளிப் பேருந்தருகே கத்திக்குத்தில் இறந்த ஹூ யூபிங் பற்றிய பதிவின் கீழே நேற்று சீன தேசியவாதப் பிள்ளைகள் சண்டைக்கு வந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். "எல்லாம் ஐம்பது காசுக் கூலிப்படை, விடுங்க" என்று எத்தனை பேர்! பதிவுக்கு ஐம்பது காசு வாங்கிக்கொண்டு சீன அரசுக்காக எழுதுகிறவர்கள் என்று அர்த்தம். திரும்பவும் சொல்கிறேன்: அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

சீன அரசுக்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேரி கிங் ஆய்வுக்குழு, ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் என்று 2017இல் மதிப்பிட்டது. ஆனால் அவை யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. அரசைப் புகழ்ந்து பேச்சைத் திசைதிருப்புவதோடு சரி. சண்டைக்கு வரும் 'சியாவ் ஃபென்ஹோங்', அதாவது குட்டி இளஞ்சிவப்புகள் என்று பெயர் பெற்ற இளம் இணைய தேசியவாதிகள், வேறு ஆட்கள்.

2016 ஜனவரியில் கொரிய பாப் குழுவான ட்வைஸின் தைவான் பாடகி சௌ ட்சு-யூ, சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானின் கொடியைப் பிடித்ததற்காகத் தாளைப் பார்த்து மன்னிப்பு வாசித்துக் குனிந்தார். வயது 16. மறுநாள் தைவான் அதிபர் தேர்தலில் சாய் இங்-வென் வென்றார். 20ஆம் தேதி சாயின் முகநூல் பக்கத்துக்குப் படை கிளம்பியது, சீன இணையதளமான பைதூவில் கால்பந்து வீரர் லீ யீயைக் கலாய்ப்பதற்காகத் தொடங்கிய ஒரு குழுவிலிருந்து. முகநூல் சீனாவில் 2009 முதல் தடை. விபிஎன் போட்டு இணையத் தடைச் சுவர் ஏறினால்தான் உள்ளேயே வர முடியும். கியூகியூ என்ற சீன அரட்டைச் செயலியின் குழுக்களில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: எதிர்த்தரப்பின் பேச்சைத் திரட்ட ஓர் அணி, மீம் செய்ய ஓர் அணி, மொழிபெயர்க்க ஓர் அணி, லைக்கும் ரிப்போர்ட்டும் அடிக்க ஓர் அணி. கூலிக்கு வந்தவன் இவ்வளவு மெனக்கெடுவானா? அபிமான நட்சத்திரத்துக்காகக் கமெண்டுகளைக் கைப்பற்றிப் பழகியவர்களும் பிறகு இதில் சேர்ந்தார்கள். 2019 ஹாங்காங் போராட்டத்தின்போது ரசிகைகள் சீன நாட்டையே 'ஆ-ஜோங் அண்ணன்' என்ற அபிமான நட்சத்திரம் ஆக்கிக்கொண்டார்கள்.

"அரசு தூண்டாமலா?" தூண்டுகிறது, மறுக்கவில்லை. சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்பு இருக்கலாம் என்று கவலை தெரிவித்த, எச் அண்ட் எம் துணி நிறுவனத்தின் பழைய அறிக்கையை 2021 மார்ச்சில் சீன சமூக ஊடகமான வெய்போவில் தோண்டிப் போட்டது கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம்தான். அந்த நிறுவனம் சீனாவின் ஆன்லைன் சந்தைகளிலும் வரைபடச் செயலிகளிலும் காணாமலே போனது. ஆனால் ஊதிவிட்ட நெருப்பு ஊதியவன் காட்டிய இடத்தோடு நிற்குமா? 2024 மார்ச்சில் சொந்த நாட்டுத் தண்ணீர் பாட்டில் நிறுவனமான நோங்ஃபு ஸ்பிரிங்மீதே பாய்ந்தார்கள். பாட்டிலின் சிவப்பு மூடி ஜப்பானியக் கொடியின் சூரியனாம்! தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டி வீடியோ போட்டார்கள். பார்வைகள் கூடினால் பணம் வரும், உண்மைதான். அதற்குப் பெயர் வியாபாரம், அரசுக் கூலி அல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். ஹூ யூபிங் பள்ளிப் பேருந்து உதவியாளர். 2024 ஜூன் 24, சூஜோ. ஜப்பானியப் பள்ளிப் பேருந்து நின்ற இடத்தில் கத்தியோடு வந்தவனைத் தடுத்துக் குத்துப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் டென்சென்ட் போன்ற சீன இணைய நிறுவனங்கள் "தீவிர தேசியவாதப்" பதிவுகளை நீக்குவதாக அறிவித்தன. இத்தனை வருடம் அவையெல்லாம் அவர்கள் கண்ணில் படவே இல்லையா? பீஜிங்கில் ஜப்பானியத் தூதரகம் அந்த அம்மாவுக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியது. அதே வாரம் ஜப்பானியர்மீது வெறுப்பைக் கொட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள், பைசா வாங்காமல், மனசார நம்பித்தான் எழுதினார்கள்.