பாவ்சிக்குள் அட்டைப்பெட்டியா? 2007-லேயே பொய் என்று முடிந்த கதை

"சீனாவில் ஆவியில் அவித்து விற்கும் பாவ்சிக்குள் 60 சதவீதம் பழைய அட்டைப்பெட்டிதான். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கொழுப்புக் கறியோடு கொத்தி அடைக்கிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாவ்சி என்பது உள்ளே கறியோ காய்கறியோ வைத்து அவிக்கும் சீனப் பன்.

இதை யாரோ திண்ணையில் உட்கார்ந்து கட்டிவிடவில்லை. 2007 ஜூலையில் பெய்ஜிங் தொலைக்காட்சியிலேயே வந்த செய்தி. நம்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் அதே மாதம் 18-ஆம் தேதி, அந்த நிகழ்ச்சி ஜோடிக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டு அந்தத் தொலைக்காட்சியே மன்னிப்புக் கேட்டது. செய்தியாளரே மாவு, கறி, அட்டை எல்லாம் கொண்டுபோய், பிழைக்க வந்த வெளியூர்த் தொழிலாளர்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார். ஆகஸ்டில் பெய்ஜிங் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு சிறையும் 1,000 யுவான் அபராதமும் விதித்தது. சீன அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவா, பிபிசி ஆகியவற்றின் அந்த ஆண்டுச் செய்திகளைத் தேடினால் நீங்களே பார்க்கலாம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கும்? பெரும்பாலும் பொடியாகக் கொத்திய பன்றிக்கறி, வெங்காயத்தாள், இஞ்சி, சோயா சாஸ். முட்டைக்கோஸ் வைத்ததும் உண்டு. புளிக்கவைத்த கோதுமை மாவில் இதை வைத்து, மேலே கொசுவம்போல மடித்து மூடி, மூங்கில் கூடையில் அவிப்பார்கள்.

சீனாவில் உணவுக் கலப்படமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2008-இல் பால்பவுடரில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தது நிஜம். அது வேறு வழக்கு. இந்த அட்டைப்பெட்டிச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பரப்ப வேண்டாம். அனுப்பியவருக்கும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.