ஹாங்காங் காலத்தை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்

டேவிட் ஆறுமுகம், லோகநாதன் (லோகா) ஆறுமுகம் என்ற மலேசியாவின் பினாங்குச் சகோதரர்கள் அலிகேட்ஸ் இசைக்குழுவை வளர்த்த கதையைக் கட்டுரையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஹாங்காங் காலத்தை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்களே! 1970களில் அங்கே இரவு விடுதிகளில் வாசித்துத்தான் அந்தக் குழு தேறியது என்பேன். விடுதியில் பாடுவது லேசான வேலையா? சாப்பிட வந்தவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கேட்ட பாட்டை உடனே பாட வேண்டும், மறுநாளும் அதே தெம்போடு மேடை ஏற வேண்டும்.

அப்புறம் ஊருக்குத் திரும்பி மலாய்ப் பாடல்களில் இறங்கினார்கள். இசையமைப்பாளர் எம். நாசிர் போன்றவர்களின் மெட்டும் லோகாவின் குரலும் நன்றாகவே சேர்ந்தன. (லோகாவின் அந்தப் புசுபுசு முடியையும் விட்டுவிட முடியாது, தூரத்திலேயே ஆளை அடையாளம் காட்டிவிடும்!)

தமிழர்கள் ஏன் மலாய்ப் பாட்டுக்குப் போனார்கள் என்று நம்மவர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. பினாங்குப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு மொழி காதில் விழும். 2007இல் லோகா நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது, என் அலுவலகத்தில் அதிகம் வருந்தியது மலாய் அக்காமார்தான்.

தம்பி போன பிறகும் டேவிட் குழுவை விடாமல் நடத்தினாரே, அந்தப் பகுதியையும் எழுதுங்கள்.