சிறிய நாடு என்பதே ஐஸ்லாந்துக்கு வசதி

ஆராய்ச்சியை வைத்துக் கொள்கை வகுக்கச் சிறிய நாடுகளுக்கு ஆளும் பணமும் போதாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஐஸ்லாந்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள்தொகை 4 லட்சம்கூட இல்லை. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம்!

பிள்ளைகளின் குடியைத் தடுக்க அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். அதற்காக, மாதிரிக்குச் சிலரை மட்டும் எடுக்காமல், கணக்கெடுப்பு நாளில் வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளிடமும் பெயர் கேட்காமல் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முக்கியமானது அப்புறம் நடந்ததுதான். சில மாதங்களிலேயே முடிவுகள் அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் வந்துவிட்டன. தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலையைப் பெற்றோரே பார்த்தார்கள். பெற்றோரோடு செலவிடும் நேரமும் முறையான விளையாட்டுப் பயிற்சியும் பிள்ளைகளைக் காக்கின்றன என்று தரவு காட்டியது. தலைநகர் ரெய்க்யவிக்கின் நகராட்சி விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு மானியம் கொடுத்தது. பிள்ளைகள் இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடும் இருந்தது.

சரி, அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பதின்வயதினரின் குடி குறைந்தது. அதனால் எல்லாப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டின் பிள்ளைகள் அத்தனை பேரையும் கேட்டு, ஊர் ஊராக இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வது பெரிய நாடுகளுக்கு எளிதில் வாய்க்காது.